கோபுரவாசல் காற்று

அப்பாவின் காதுமடலுக்குப் பின்னால் எப்போதும் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருக்கும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பும்போது அம்மா வாசலில் நிறுத்தி, அந்தப் பஞ்சை விரல் நுனியால் எடுத்துவிடுவாள். அது முடிந்தால்தான் படி இறங்கலாம். எண்பதுகளில் எனக்கும் தம்பிக்கும் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் தொடங்கியது.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பாதி வீட்டு உலை மில்லை நம்பித்தான் கொதித்தது. அப்பாவுக்கு ஒரு நூல் மில்லில் ப்ளோ ரூம் வேலை. இறுக்கிக் கட்டிவந்த பஞ்சுப் பொதியைப் பிரித்து, மிஷினில் போட்டு அடித்து, தூசி பறக்க உதிர்க்கிற இடம் அது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது தலை, புருவம், மீசை எல்லாம் நரைத்துக் கிழவர்களாக வருவார்கள். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினால் திரும்பவும் வாலிபமாகிவிடுவார்கள். சின்ன வயதில் இதை நான் பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன். மிஷின் சத்தத்தில் கத்திக் கத்தி அப்பாவுக்கு மெதுவாகப் பேசவே வராது. அவர் ரகசியம் சொன்னால் தெருமுனைக் கடைக்காரர் பதில் சொல்வார். அதனால் எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று தங்கியதே இல்லை.

அவருக்கு வார லீவு ஞாயிறு. எங்கே போவது என்று வீட்டில் ஒருநாளும் பேச்சு வந்ததில்லை. மற்ற வீட்டுப் பிள்ளைகள் சினிமாவுக்குப் போவார்கள், அய்யனார் கோயில் ஆற்றுக்குக் குளிக்கப் போவார்கள். நாங்கள் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம். அம்மா போனது ஆண்டாளைப் பார்க்க. அப்பா போனது கோபுரத்தைப் பார்க்க. நானும் தம்பியும் போனது பால்கோவாவுக்கு. மூன்று காரியமும் ஒரே டிக்கெட்டில் முடிந்தது.

பஸ்ஸில் இடதுபக்கம் மலை கூடவே வரும். ஊர் தெரிவதற்கு முன்னால் தென்னைகளுக்கு மேலே கோபுரம் தெரியும். முதலில் பார்க்கிறவர் சொல்ல வேண்டும் என்பது தம்பி வைத்த சட்டம். ஜெயிப்பது எப்போதும் அப்பாதான். "அந்தா" என்பார். அவர் குரலுக்கு பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். டிரைவர்கூட ஒருதரம் என்னமோ ஏதோ என்று பிரேக்கில் கால் வைத்துவிட்டார். அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கோபுரவாசலில் ஒரு காற்று உண்டு. தெருவில் இலை அசையாத சித்திரை வெயிலிலும், அந்த வாசலுக்குள் கால் வைத்தால் சேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அப்பா நேரே போய் நிலையை ஒட்டி நின்றுகொள்வார். சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிவிடுவார். கண்ணை மூடிக்கொள்வார். வருகிறவர்களும் போகிறவர்களும் அவரை இடித்துக்கொண்டு போவார்கள், அவர் நகரமாட்டார்.

"இந்தக் காத்துக்கே பஸ்ஸு ஏறி வரலாம் தாயி" என்று என்னிடம் சொல்வார்.

சாமி கும்பிட வந்த இடத்தில் நடுவாசலில் நெஞ்சைத் திறந்துபோட்டு நிற்கிறாரே என்று அம்மாவுக்கு வெட்கமாக இருக்கும். எனக்கு அப்போதெல்லாம் அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. காரணம் தெரியாது. வாரம் முழுக்க வேலைக்கும் தூக்கத்துக்கும் இடையில் மட்டும் பார்க்கிற மனிதர், அந்த இடத்தில் எங்களுடைய அப்பாவாக நின்றார் என்று இப்போது தோன்றுகிறது.

உள்ளே போனால் சிலை செதுக்கிய தூண்களுக்கு முன்னால் நிறுத்திக் கதை சொல்வார். கர்ணன், அர்ஜுனன், மூக்கறுபடப் போகிற சூர்ப்பணகை. போன வாரம் சொன்ன கதை இந்த வாரம் இருக்காது. போன வாரம் கர்ணன் தோற்றிருந்தால் இந்த வாரம் அவன்தான் ஜெயிப்பான். ஏன் இப்படி மாற்றிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், அவனும் எத்தனை நாளைக்குத்தான் தோற்பான் என்பார். பிறகு படியேறி வடபத்ரசாயி சந்நிதிக்குப் போவோம். அங்கே முன்மண்டபத்துக் கூரையில் மரத்தில் செதுக்கிய வேலைப்பாடு. நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும் என்று அப்பா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஓரமாகத் துண்டை விரித்து மல்லாந்து படுத்துவிடுவார். நானும் தம்பியும் இரண்டு பக்கமும் படுத்துக்கொள்வோம். கூரையின் மூலையில் கை ஒடிந்துபோன ஒரு பெண் பொம்மை இருக்கும். அவளுக்கு அப்பா 'ஒடிஞ்ச கைக்காரி' என்று பேர் வைத்திருந்தார். அவளைப் பார்த்து நலம் விசாரித்துவிட்டுத்தான் எழுவோம். கோயிலுக்குள் கட்டையைக் கிடத்தின மாதிரி கிடக்கிறீர்களே என்று அம்மா பல்லைக் கடிப்பாள். அவள் அந்தக் கூரையை அண்ணாந்துகூடப் பார்த்ததில்லை.

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை வேறு.

திங்கட்கிழமை வேலைக்குப் போய் வந்தால் அப்பாவுக்கு நெஞ்சு அடைக்கும். சாயங்காலம் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, மூச்சை எண்ணுகிற மாதிரி உட்கார்ந்திருப்பார். வறட்டு இருமல் விடாமல் வரும். செவ்வாய் கொஞ்சம் தேவலை. புதன் வியாழனுக்கு ஆள் சரியாகிவிடுவார். சனிக்கிழமை பழையபடி தெருமுனைவரை கேட்கிற குரலில் ரகசியம் பேசுவார். ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர். திங்கள் மறுபடி நெஞ்சு.

இதை முதலில் கண்டுபிடித்தவள் அம்மா. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. திங்கள்தோறும்தான் வருகிறது, அதற்கு முந்தின நாள்தோறும்தான் ஊருக்குப் போகிறோம் என்று கூட்டிப் பார்த்துவிட்டாள். முதலில் பழி பால்கோவாவின் மேல் விழுந்தது. பால் சாமான் கோழை கட்டும் என்று அப்பாவுக்கு நிறுத்தினாள். அவர் எங்களைத் தின்னச் சொல்லிவிட்டு இலையை மோந்து பார்ப்பார். இருமல் நிற்கவில்லை. அடுத்து, திருமுக்குளத்தில் கால் நனைக்கிறார், ஈரம் ஏறுகிறது என்றாள். அதையும் விட்டார். நிற்கவில்லை. கடைசியில் கோபுரவாசல் காற்று வசமாக மாட்டிக்கொண்டது.

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற அம்மா ஒருவர் இருந்தார். அவரும் கோபுரக் காத்து 'மஞ்சிதி காது' என்று தலையை ஆட்டினார். நல்லதில்லை என்று அர்த்தம். அவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிற காற்று நெஞ்சில் அறைந்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவுகட்டினார்கள். அதன்பிறகு கோபுரத்தை நெருங்கும்போதே அம்மா அப்பாவின் துண்டை வாங்கி, காதையும் கழுத்தையும் சேர்த்துச் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுவாள். பொத்தான் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, கையைப் பிடித்து வாசலை விறுவிறு என்று கடத்திக்கொண்டு போவாள். அப்பா பல் வலிக்காரர் மாதிரி ஒரு கோலத்தில் போவார். தம்பியும் நானும் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

திங்கட்கிழமை இருமல் அதற்கும் நிற்கவில்லை.

மில்லில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பாவைவிட மூத்தவர். அவரும் இருமிக்கொண்டேதான் பேசினார். லீவு முடிந்து வருகிற அன்று ப்ளோ ரூமில் எல்லாருக்கும் இப்படித்தான், கருப்பட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டால் தூசி இறங்கிவிடும் என்றார். கிளம்பும்போது அம்மாவிடம் அவர் சொன்னதுதான் எங்கள் வீட்டுக்கு வினையாக வந்தது.

"லீவு போட்டா நெஞ்சு வேலைய மறந்துருதும்மா. விடாமப் போய்க்கிட்டே இருந்தா பழகிரும். நான் இப்பல்லாம் லீவே எடுக்கறதில்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, இனி ஊர் போவது வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையும் வேலை கேட்டு வாங்குங்கள் என்றாள். கூலிக்காக இல்லை. அதற்கு ஆசைப்படுகிறவள் இல்லை அவள். அவர் சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவிப்பதை அவளால் பார்க்க முடியவில்லை. அதுதான் காரணம்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "வாரத்துல ஒரு நாளு தானட்டி" என்றார். வாழ்க்கையில் அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அந்த ஒரு நாளுதான் ஒங்கள மத்த நாளெல்லாம் போட்டு வாட்டுது" என்றாள் அம்மா.

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை நின்றது. லீவு வேண்டாம் என்று ஒருவன் தானாக வந்து கேட்டால் மில் வேண்டாம் என்றா சொல்லும்? மேஸ்திரிக்குச் சந்தோஷம். அம்மாவுக்கு அதைவிடச் சந்தோஷம், ஏனென்றால் அவள் சொன்னது பலித்தது. ஒரு மாதம் போவதற்குள் திங்கட்கிழமை இருமல் குறைந்துவிட்டது. அப்பா திங்களும் செவ்வாய் மாதிரியே இருந்தார். "பாத்தீகளா, நான் சொன்னேன்ல" என்று தெருவில் எல்லாரிடமும் சொன்னாள். நாங்களும் அதை நம்பினோம்.

தம்பி கொஞ்ச நாள் அழுதான். அப்பா அவனிடம், கோபுரம் எங்கே ஓடிப்போகப் போகிறது, அது அங்கேதான் நிற்கும் என்று சமாதானம் சொன்னார். கோபுரம் நின்றது. அவர்தான் நிற்கவில்லை. நான் பள்ளி முடித்த காலத்தில் மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்தார். தொண்ணூறுகள் பிறந்தபோது, கடைக்குப் போகிற வழியில் மூடிக்கிடக்கிற கடைகளின் படிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து போனார். குரல் சிறுத்துவிட்டது. அடுத்த அறையில் இருந்து கூப்பிட்டால் கேட்காது. எங்கள் வீட்டில் முதன்முறையாக ரகசியம் தங்கியது. திங்கள், செவ்வாய் என்ற வித்தியாசமே போய்விட்டது. எல்லா நாளும் திங்கட்கிழமையாகிவிட்டது.

உள்ளூர் டாக்டர் ஒருவர் டிபி என்று மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் அதை நிறுத்தச் சொன்னார். கடைசியில் உடம்பு முடியாமல் மில்லை விட்டு நின்றார். சில மாதம் கழித்து, மதுரையில் நெஞ்சு டாக்டர் ஒருவரிடம் காட்டலாம் என்று கூட்டிக்கொண்டு போனோம். தம்பி அப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருந்தான். நானும் அம்மாவும்தான் போனோம்.

அந்த டாக்டர் பொறுமையானவர். என்ன வேலை என்று கேட்டார். ப்ளோ ரூம் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். ஆரம்பத்தில் எந்தக் கிழமை அதிகமாக இருந்தது என்று கேட்டார். அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. இத்தனை வருடத்தில் எந்த டாக்டரும் கேட்காத கேள்வி அது. அவள் கவனித்து வைத்திருந்தது எல்லாவற்றையும் ஒப்பித்தாள். திங்கள் வந்தது, ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர் போனது, பால்கோவா, குளம், காற்று, பிறகு தான் அதை நிறுத்தி லீவே எடுக்காமல் வேலைக்கு அனுப்பியது, அதன்பின் இருமல் குறைந்தது. ஒன்றையும் விடவில்லை.

டாக்டர் நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார். பஞ்சுத் தூசிதான் நோய். தினம் தினம் தூசியில் கிடக்கிற நெஞ்சு மரத்துப்போய்விடும். ஒருநாள் நல்ல காற்றில் இருந்தால் அது பிழைத்துக்கொள்ளும். மறுநாள் திரும்பத் தூசி பட்டதும் கத்தும். அதுதான் திங்கட்கிழமை இருமல். உலகத்தில் பஞ்சு மில் இருக்கிற ஊரில் எல்லாம் அது உண்டு. கத்துகிறவரை உயிர் இருக்கிறது என்று அர்த்தம். லீவே இல்லாமல் தூசியில் போட்டதில் கத்துவது நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஆரம்பத்திலேயே அந்தத் தூசியை விட்டு விலகியிருந்தால் பெரும்பாலும் சரியாகியிருக்கும் என்றார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அந்தக் காத்து?" என்று கேட்டாள்.

"அந்த ஒரு நாள் காத்துதாம்மா இவரை அவ்வளவு காலம் வச்சிருந்தது" என்றார் டாக்டர்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அதைவிடப் பெரிய கோபம், இதைத் தெரிந்திருந்தும் அத்தனை வருடம் வாயைத் திறக்காமல் லீவு நாளிலும் மில் கேட்டைத் திறந்துவிட்டவர்கள் மேல். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். பாவம் அந்தப் பஞ்சு அறையில் இருந்தது. பழியைக் கோபுரத்தின் தலையில் போட்டோம். இனி அதை அம்மா தன் தலைக்கு மாற்றிக்கொள்ளப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் அப்பா நடுவில் உட்கார்ந்திருந்தார். அம்மா ஜன்னலோரம். கிருஷ்ணன்கோவில் தாண்டி வருகையில் அப்பா ஒரு விரலைத் தூக்கினார். 'அந்தா' என்று சொல்ல மூச்சு வரவில்லை. விரல் மட்டும் நின்றது. தூரத்தில் கோபுரம். எப்போதும் போல அவர்தான் முதலில் பார்த்திருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி நின்றதும் அம்மா எழுந்தாள். ராஜபாளையம் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறோமே என்றேன். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அப்பாவின் கையைப் பிடித்து இறக்கினாள். அன்று திங்கட்கிழமை.

அதுதான் நாங்கள் கடைசியாகப் போனது. அடுத்த ஐப்பசியில் மழை பிடித்த ஒரு நாளில் அப்பா போய்விட்டார். கோயிலுக்குப் போன அன்றைக்கு, அதுதான் கடைசி என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ரிக்‌ஷாவில் போய், பக்கவாட்டு வாசல் வழியாக மெதுவாக உள்ளே போனோம். கர்ணன் தூணின் அடியில் அப்பா உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் முடியவில்லை. இந்த வாரம் யார் ஜெயித்தது என்று நான் கேட்டேன். அவர் சிரித்து, கையால் தூணைத் தட்டிக் காட்டினார். பிறகு அம்மாவிடம், மேலே போய்ப் பார்த்துவிட்டு வா, ஒடிந்த கைக்காரி இருக்கிறாளா என்று மட்டும் பார் என்றார். நான் துணைக்கு அவர் பக்கத்தில் இருந்தேன்.

போன அம்மா வரவில்லை. சாமி கும்பிட இவ்வளவு நேரம் ஆகாதே என்று, பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் படியேறினேன். மண்டபத்து ஓரத்தில் அம்மா மல்லாந்து படுத்துக் கிடந்தாள். விழுந்துவிட்டாளோ என்று பதறி ஓடினேன். சேலையைக் கணுக்காலோடு இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் வயிற்றில் வைத்து, கண்ணைச் சிமிட்டாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. போகிறவர்கள் விலகிப் போனார்கள். அவளுக்கு வெட்கமாக இல்லை.

"இப்பிடிப் படுத்தாத்தாம்ட்டி தெரியுது" என்றாள்.

கீழே வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கூரையில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவருக்குத் தெரியாததா? முதன்முறை கேட்கிறவர் மாதிரி கேட்டுக்கொண்டார். ஒடிந்த கைக்காரி சௌக்கியமாக இருக்கிறாள், உங்களைக் கேட்டாள் என்று அம்மா சொன்னாள். அதுவரை அம்மா கதை சொல்லி நான் கேட்டதே இல்லை.

போகும்போது கோபுரவாசல் வழியாகப் போவோம் என்றாள். நிலையை நெருங்கும்போதே காற்று வந்து எங்கள் மேல் மோதியது. அப்பாவின் கை தானாகத் தோளில் இருந்த துண்டை எடுத்தது. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் அவள் பழக்கிவைத்த பழக்கம். காதைச் சுற்றிக் கட்டத் தொடங்கினார். அம்மா அந்தத் துண்டை வெடுக்கென்று பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அவரை நிலையில் சாய்த்து நிறுத்தினாள். சட்டையின் மேல் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, இரண்டு பக்கமும் விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இழுங்க" என்றாள். "செத்த நேரம் நின்னு நல்லா இழுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். பாதிக்குமேல் உள்ளே போகவில்லை. இருமல் வந்தது. திரும்பவும் இழுத்தார். அம்மா சட்டையை விடவே இல்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி அவர் காதுமடலுக்குப் பின்னால் விரல் நுனியால் தடவினாள். அங்கே பஞ்சு இல்லை. மில்லை விட்டு நின்று மாதக்கணக்காகிவிட்டது. வெளியே ஒட்டியிருந்ததெல்லாம் போய்விட்டது, உள்ளே போனது மட்டும் இருந்தது. அவள் தேடிக்கொண்டே இருந்தாள்.